சிவப்பு ஸ்டிக்கர்

ராத்திரி ஷிப்டில் டீக்குப் பன்னிரண்டு நிமிஷம்.
மூணு மணி நேரப் படத்தைப்
பதினைந்து டீயில் பார்த்து முடிக்கலாம்.
சென்னியப்பன் விசிலை மறந்த நாளிருந்தால்
பதினாலே போதும்.

அவிநாசி ரோட்டுப் பக்கம் கம்பெனி.
எனக்கு செக்கிங் டேபிள்.
டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்தால்
ஓட்டை, எண்ணெய்க் கறை, தாண்டிப்போன தையல்
எங்கே இருக்கிறதோ அங்கே போய் நிற்கும் கண்.
நின்றதும் சிவப்பு ஸ்டிக்கர்.
ஷிப்டு முடிந்தாலும் இந்தக் கண் அணைவதில்லை.
கல்யாணத்துக்குப் போனால்
மாப்பிள்ளையை விட்டுவிட்டு
அவர் காலரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படம் கருப்பு வெள்ளை.
கீழே விழுந்து மூலையில் விரிசல் விட்ட போன்,
அதற்குள் ஒரு ராஜகுமாரி.
ஒட்டுக்கா உட்கார்ந்து பார்ப்பவள் லிலிமா,
பாலாசோரிலிருந்து வந்து பதினோரு மாசம்.
கம்பெனித் தமிழ் அவளுக்குத் தெரியும்:
பீஸ், பண்டல், சீக்கிரம், சம்பளம் நாளைக்கு.
ராஜகுமாரியின் தமிழ் தெரியாது.
எனக்கு மட்டும் என்னவாம்?
"நாதா, தங்கள் சித்தம் யாதோ" என்கிறாள்.
என்ற ஊட்டுக்காரரிடம் இப்படிக் கேட்டால்
காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.
ஆக, ரெண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு.

முகம் மட்டும் புரிகிறது.
இப்போது வரும் படத்தில் கேமரா
எந்த முகத்தையும் ரெண்டு நொடிக்கு மேல் நம்புவதில்லை.
அக்கட்ட ஒரு வெட்டு, இக்கட்ட ஒரு வெட்டு,
எங்கள் கட்டிங் மாஸ்டருக்கே அந்த வேகம் கிடையாது.
இதில் அவள் முன்னால் போய் நின்றுவிடுகிறது.
அழப் போகிறோமா என்று
அவளுக்கே தெரிய வரும்வரை
நிற்கிறது.

ஒன்பதாவது டீயில் அந்த ஈ வந்தது.

அரண்மனை. புருஷன் போருக்குக் கிளம்புகிறான்.
அவள் நீளமாகப் பேசுகிறாள்.
எங்கிருந்தோ வந்து புருவத்துக்கு மேல் உட்கார்ந்தது.
நடந்தது.
நெற்றிச்சுட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது.
அவள் தட்டவில்லை.
இமை ஒருதடவை துடித்தது, வசனம் துடிக்கவில்லை.
பிலிம் அன்றைக்கு என்ன விலையோ,
மறுபடி எடுக்கச் சொன்னால் யார் ஏசுவார்களோ.
எங்கே பிடித்த படமோ தெரியாது,
கோயமுத்தூர் ஈயாகக்கூட இருக்கலாம்.

என் கட்டைவிரல் தானாக நகர்ந்தது,
ஸ்டிக்கர் ஒட்டுகிற அதே விரல்.
பின்னுக்கு இழுத்தது.
மறுபடி ஈ.
"மாச்சி, மாச்சி" என்றாள் லிலிமா.
யாரை மச்சி என்கிறாய் என்றேன்.
அவள் காற்றில் ஒரு விரலைப் பறக்கவிட்டு
என் நெற்றியில் இறக்கினாள்.

மூன்றாம் தடவை இழுத்தபோதுதான்
பின்வரிசை வேல்காரனைப் பார்த்தேன்.
அவனும் ஈயைப் பார்த்துவிட்டான்.
உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான்.
பெயர் ஓடும் இடத்தில் அவன் பெயர் ஓடியிருக்காது.
நாள்கூலி. அட்டை வேல்.
அடக்கி வைத்த அந்தச் சிரிப்பு
இத்தனை வருஷம் கழித்து
எங்கள் ரெண்டு பேர் வாயில் வெடித்தது,
டீ மூக்கில் ஏறியது.

சென்னியப்பன் வந்து பின்னால் நின்றார்.
விசில் வாயிலேயே இருந்தது.
"டிபெக்டுங்க இது. அப்பவே வெட்டி எறிஞ்சிருக்கோணும்."
கொஞ்சம் பொறுத்து,
"இன்னொருக்கா போடு, பாக்கலாம்."

அப்புறம் ஊதினார்.

விடிவதற்குள் முன்னூறு பீஸ் பார்த்தேன்.
ஒன்றில் தோள்பட்டையில் ஒரு தையல் தாண்டியிருந்தது,
நூல் அளவுதான்.
ஸ்டிக்கர் ஒட்டினேன்.
கப்பல் ஏறுகிற சரக்கு, அதில் தயவு கிடையாது.
ஒட்டிவிட்டு,
இதைத் தைத்தவள் அந்த நொடியில்
எதைத் திரும்பிப் பார்த்திருப்பாள் என்று
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

பண்டல் தூக்கிப் போகிற வழியில்
லிலிமா நின்று கையால் கேட்கிறாள்:
வாள் வீசிக் காட்டி, நடந்து காட்டி,
போனவன் திரும்பி வருவானா?

இன்னும் ஆறு டீ இருக்கிறது என்று
விரல் விரித்தேன்.